கொக்கோ நிலம்: நாவலும் பட்டாவும்

'கஷீஷி' என்றொரு சொல். பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்துத் தென்பகுதியில், கொக்கோ விளைகிற இல்யேயுஸ் - இடாபுனா வட்டாரத்தில் புழங்கிய சொல். நம்மூர்ப் பேச்சில் சொல்வதென்றால் போலிப் பட்டா. குடியானவன் ஒருவன் காட்டைத் திருத்தி, கொக்கோக் கன்று நட்டு, நாலைந்து வருஷம் அது காய்ப்புக்கு வரும்வரை காத்துக் கிடப்பான். பக்கத்துப் பெரிய தோட்டக்காரரும் காத்துக்கொண்டிருப்பார், வேறு காரணத்துக்காக. மரம் காய்த்ததும் ஒரு வக்கீல், ஒரு பதிவு அலுவலகக்காரர், பழைய தேதி போட்ட ஓர் அளவைப் பத்திரம். முடிந்தது கதை. முரண்டு பிடித்தால் பாதையோர மரத்தின் பின்னாலிருந்து ஒரு துப்பாக்கிக் குண்டு. பிரேசில் முழுவதும் இந்த வித்தைக்கு வழங்குகிற பொதுப்பெயர் 'சில்வண்டு' என்பதிலிருந்து வந்தது. புதுப் பத்திரத்தைச் சில்வண்டுகளோடு பெட்டியில் போட்டு மூடினால், அவை அரித்தும் கழித்தும் தாளைப் பழுப்பேற்றிக் கொடுத்துவிடுமாம்.

இந்தச் சொல்லை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஜோர்ஜ் அமாடோ (1912-2001). கொக்கோ நாட்டின் கர்னல்களையும் அடியாட்களையும் கூலிகளையும் வேசிகளையும் நாவலுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய நாவல்களை நான் முதலில் வாசித்தபோது, நம் இடதுசாரி நண்பர்கள் பலரையும் போலவே, நிலப்பறியை அம்பலப்படுத்திய எழுத்து என்றே வாசித்தேன். அந்த வாசிப்பு தவறில்லை, ஆனால் பாதிதான். மீண்டும் படிக்கையில் வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. நாவலும் ஒருவகையில் பத்திரம்தானே? ஒரு நிலத்துக்கு 'இது இன்னாருடையது, இன்னாரிலிருந்து தொடங்குகிறது' என்று தேதி போட்டு எழுதித் தருகிற காரியத்தை அதுவும் செய்கிறதே? வட்டார இலக்கியத்தை 'மண் வாசனை' என்று சப்புக்கொட்டுகிற நாம், அந்த மண் யார் பெயரில் பதிவாகிறது என்று பார்ப்பதில்லை.

பாஹியா என்றதும் வெளியார் நினைவுக்கு வருவது வடக்கே இருக்கிற சால்வடார் நகரம், கரும்பு, அடிமைக் கப்பல்கள், ஆப்பிரிக்கத் தெய்வங்கள். கொக்கோ வட்டாரம் அதிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கென்று ஒரு பெயர் உண்டு: 'கிராப்பியூனா'. உள்நாட்டு வறண்ட மேட்டுநிலத்துக்காரர்கள் கடற்கரைக்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர் அது. ஏளனமாக வந்த பெயரை எடுத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்வது எந்த அடையாள அரசியலுக்கும் புதிதல்ல. 'கிராப்பியூனா தேசம்' என்றுகூடச் சொல்லிக்கொள்வார்கள். அமாடோ தன் பால்யகால நினைவுகளுக்கு (1981) வைத்த தலைப்பே 'கிராப்பியூனாச் சிறுவன்' என்ற பொருள்படுவதுதான்.

இந்த அடையாளத்துக்கு வயது அதிகமில்லை. அமேசான் பகுதியின் செடியான கொக்கோ தென் பாஹியாவுக்கு வந்தது 1746ல் என்பார்கள். அது பெரும் பயிரானது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். பஞ்சம் பிழைக்க வடக்கே செர்ஜிபியிலிருந்தும் மேட்டுநிலத்திலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். அமாடோவின் அப்பாவும் செர்ஜிபிக்காரர். இடாபுனா பக்கம் ஃபெர்ராடாஸில் தோட்டம் போட்டார். பிள்ளைக்குப் பத்து மாதமாக இருந்தபோது பதுங்கியிருந்தவர்கள் அவரைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். 1914ல் ஆற்று வெள்ளம் தோட்டத்தைக் கொண்டுபோனது. குடும்பம் இல்யேயுஸுக்கு வந்து மரச் செருப்பு செய்து விற்றுப் பிழைத்தது. கொக்கோ ஏற, பிறகு அவரும் 'கர்னல்' வரிசையில் சேர்ந்தார். இந்தக் 'கர்னல்' இராணுவப் பதவி அல்ல. 1831ல் ஏற்பட்ட தேசியக் காவல்படையின் கௌரவப் பட்டம், நிலமும் ஆள்படையும் ஓட்டுகளும் கைவசம் வைத்திருந்தவர்களுக்குத் தரப்பட்டது. படை போய்விட்ட பிறகும் பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம்முடைய ராவ்பகதூர்களை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும், கூடவே ஒரு துப்பாக்கியையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, வேதமோ புராணமோ கோயிலோ இல்லாத, ஓரிரு தலைமுறைக்கு முன்னால் வந்திறங்கிய ஒரு கூட்டம். 'நாம் யார்?' என்ற கேள்விக்கு அதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கதை எழுதப்பட்டதும் அதுவே வரலாறாகவும் ஆனது. இலக்கியம் ஒரு வட்டாரத்தைப் பிரதிபலிக்கிறது என்று நாம் வாய்ப்பாடு மாதிரி சொல்கிறோம். இங்கே நடந்தது தலைகீழ். வட்டாரம்தான் இலக்கியத்தைப் பிரதிபலிக்கிறது.

அமாடோவின் முதல் கொக்கோ நாவல் 'ககாவ்' (1933). அது வெளிவந்த வருஷத்தில்தான் அவருக்கு 21 வயது நிறைந்தது. சின்னப் புத்தகம், கரடுமுரடானது. இது பாட்டாளி நாவலா என்று முன்குறிப்பிலேயே ஆசிரியர் கேட்டுக்கொள்கிறார். கதையைச் சொல்பவன் செர்ஜிபியிலிருந்து வந்த கூலி. இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அங்கே பெயர் 'அலுகாடோ'. 'வாடகைக்கு எடுக்கப்பட்டவன்' என்று பொருள். வீட்டை, மாட்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதுபோல. கூலிக்காசு தோட்டத்துக் கடையிலேயே பற்றுவரவில் கழிந்துபோகும். கணக்கு எப்போதும் அவன் தலையில்தான் நிற்கும். கடனோடு ஓடினால் பிடித்துவர ஆள் போகும்.

அந்த நாவலில் ஒரு சம்பவம். ஒரு தொழிலாளி தகராறில் ஒருவனை வெட்டிவிட்டுத் தப்பி ஓடுகிறான். அவனைத் தீர்த்துவிட ஓனோரியோ என்ற கறுப்பு அடியாளை அனுப்புகிறார் கர்னல். ஓனோரியோவுக்குக் கொலை புதிதல்ல. ஆனாலும் விட்டுவிடுகிறான். அவனும் நம்மைப் போல வாடகைக்கு எடுக்கப்பட்டவன்தானே என்பதுதான் காரணம். கட்சிப் பிரசுரம்போல் இருக்கிறது என்று இலக்கியச் சுத்தக்காரர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நாம்' என்ற சொல் இங்கே யாரைக் குறிக்கிறது? கிராப்பியூனாக்களை அல்ல, அலுகாடோக்களை. வட்டாரம் என்ற அடையாளத்தின் குறுக்கே இன்னொரு அடையாளம் கத்தி மாதிரி இறங்குகிறது. அமாடோவின் பிற்கால நாவல்கள் எதிலும் இந்தக் கூர்மை இப்படி வெறுமையாக, அலங்காரமில்லாமல் வரவில்லை.

பத்து வருஷம் கழித்து, நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் எழுதி 1943ல் வந்தது 'முடிவற்ற நிலங்கள்'. (இடையில் 1937ல் சால்வடாரில் அவருடைய புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள்.) இதுதான் கொக்கோ நாட்டின் காவியம். செக்கெய்ரோ கிராண்டே என்ற காட்டுக்காக பதாரோ சகோதரர்களுக்கும் கர்னல் ஒராசியோவுக்கும் யுத்தம். ஒராசியோவின் வக்கீல் பழைய அளவைப் பத்திரம் ஒன்றைப் பதிந்து கஷீஷி செய்ய, எதிர்த்தரப்பு அந்தப் பதிவு அலுவலகத்தையே கொளுத்துகிறது. பத்திரத்துக்குப் பதில் தீ, தீக்குப் பதில் துப்பாக்கி. கடைசியில் அரசியல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. இரத்தம் குடித்த மண்ணில் கொக்கோ வழக்கமான ஐந்தாம் வருஷத்துக்குப் பதில் நாலாம் வருஷமே காய்க்கிறது என்று நாவல் முடிகிறது.

பெரிய நாவல், சந்தேகமில்லை. கொலைகாரனான தமியாவோ என்ற அடியாள், முதல்முறையாக மனசாட்சி உறுத்த, இருட்டில் ஆளை எதிர்பார்த்துப் பதுங்கியிருக்கிற பகுதியை எவரும் மறக்கமுடியாது. ஒராசியோவின் மனைவி எஸ்தெர் நகரத்தில் படித்த பெண். தோட்டத்து வீட்டில் இரவில் அவளுக்குக் கேட்பது ஆற்றங்கரையில் பாம்பு விழுங்குகிற தவளையின் குரல். அந்தக் குரல் அவளைப் பிடித்து ஆட்டுகிறது. மண் வாசனை, மண் வாசனை என்கிறோமே, பெரிய வீட்டுக்குள் அடைபட்ட ஒரு பெண்ணுக்கு அந்த மண்ணின் ஓசை இப்படித்தான் வந்து சேர்கிறது. நம் வட்டார நாவல்களில் பெண்கள் காதில் என்ன விழுகிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

இன்னொரு படிமம் கொக்கோப் பிசுக்கு. காயை உடைத்ததும் விதையைச் சுற்றியிருக்கிற வெள்ளைச் சதை கசிந்து காலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்காலில் அந்தப் பிசின் ஒருமுறை ஏறிவிட்டால் அவன் அந்த ஊரை விட்டுப் போகவே முடியாது என்பது நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. கிராப்பியூனா அடையாளத்தின் சின்னமாகவே அது ஆகிவிட்டது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், கர்னலின் காலில் பூட்ஸ் இருக்கிறது. பிசுக்கு ஒட்டுவது வெறுங்காலில். கூலிக்காரன் ஊரை விட்டுப் போகமுடியாமல் இருந்தது பிசினால் அல்ல, கடைக் கணக்கால் என்பதை 'ககாவ்' எழுதிய அதே கை நமக்குச் சொல்லியிருக்கிறது. 1933ல் கடனாக இருந்தது 1943ல் மாயமாக, மண்ணின் வசியமாக மாறிவிடுகிறது. கருத்தியல் வேலை செய்கிற விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆசிரியர் அப்போதும் கம்யூனிஸ்ட்தான். 1945ல் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். எழுத்தாளனின் கட்சி அட்டை ஒன்று சொல்ல, அவனுடைய காவிய ஆசை வேறொன்று சொல்கிறது. காவியத்துக்கு வீரர்கள் வேண்டும். கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு காவியம் பாடமுடியாது. விளைவு, கர்னல்கள் கொடியவர்கள்தான், ஆனால் பிரம்மாண்டமானவர்கள் ஆகிவிடுகிறார்கள். மறுவருஷம் வந்த 'இல்யேயுஸின் புனித ஜார்ஜ்' நாவலில் ஏற்றுமதிக் கம்பெனிகள் விலையை ஏற்றி, பிறகு சரித்து, இந்தக் கர்னல்களிடமிருந்தே நிலத்தை வாங்கிக்கொள்கின்றன. அங்கே கர்னல்கள்மேல் நமக்கு இரக்கமே வந்துவிடுகிறது.

காடு என்ன ஆனது? அந்தக் காவியத்தில் காடு ஆதிகாலத்திலிருந்து யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது. அதற்குள் வாழ்பவன் என்று நாவல் காட்டுவது ஜெரெமியாஸ் என்ற கறுப்பு மந்திரவாதியை. காட்டை அழிக்க வருகிறவர்களைச் சபித்துவிட்டு அவன் செத்துப்போகிறான். நிலத்துக்கு உரியவர்கள் என்று பூர்வகுடிகள் யாரும் கதைக்குள் இல்லை. 'முடிவற்ற நிலம்' என்ற தலைப்பே அதைத்தானே சொல்கிறது? எல்லை இல்லையென்றால் எல்லைக்கு அந்தப்பக்கம் ஆளும் இல்லை.

பிறகு 'கேப்ரியேலா, கிராம்பும் லவங்கப்பட்டையும்' (1958). 1956 வாக்கில் ஸ்டாலின் பற்றிய உண்மைகள் வெளிவந்த கலக்கத்தில் கட்சி வேலையிலிருந்து அமாடோ ஒதுங்கிய பின் எழுதியது. கதை நடப்பது 1925ல் இல்யேயுஸில். மனைவியையும் அவளுடைய காதலனான பல்வைத்தியரையும் சுட்டுக்கொன்ற கர்னல், கடைசியில் தண்டனை பெறுகிறார். அந்த ஊரில் அப்படி நடப்பது முதல்முறை. நவீனம் வருகிறது, துறைமுகம் ஆழப்படுகிறது. சிரியா வம்சத்து நசீப்பின் மதுக்கடையில் எல்லாரும் கூடுகிறார்கள். கேப்ரியேலா அவனுடைய சமையல்காரி, பிறகு மனைவி, பிறகு மறுபடியும் சமையல்காரி. உலகம் முழுக்க விற்றது. 1975ல் தொலைக்காட்சித் தொடர், 1983ல் சினிமா. இரண்டிலும் சோனியா பிராகா. இன்றைக்கு இல்யேயுஸுக்கு வருகிற பயணி நசீப்பின் வெசுவியோ மதுக்கடையைத் தேடிப்போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் நசீப் கேப்ரியேலாவை எங்கே கண்டுபிடித்தான்? பஞ்சம் பிழைக்க மேட்டுநிலத்திலிருந்து நடந்துவந்து, புழுதி படிந்த உடம்போடு வேலைக்குக் காத்துக் கிடக்கிற கூட்டத்தில். அந்த இடத்தை ஊர்க்காரர்கள் 'அடிமைச் சந்தை' என்று சொல்வதாக நாவலிலேயே இருக்கிறது. தோட்டக்காரர்கள் வந்து ஆள் பொறுக்குகிற இடம். நசீப்பும் பொறுக்கத்தான் போனான். அடிமைமுறை ஒழிந்து (1888) முப்பத்தேழு வருஷம் கழிந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை அமாடோ மறைக்கவில்லை. வாசகர்களும், பிறகு தொலைக்காட்சியும், சுற்றுலாத் துறையும் அவளுடைய கிராம்பு வாசனையை எடுத்துக்கொண்டு சந்தையை விட்டுவிட்டார்கள். வெசுவியோவைக் கேட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சந்தை எங்கே இருந்தது என்று கேட்கிறார்கள்?

அடிமைகள் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். கொக்கோ வட்டாரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமையான கதை: 'எங்கள் மண் அடிமை இரத்தத்தில் விளைந்ததல்ல, வெறுங்கையோடு வந்து காட்டைத் திருத்தியவர்களின் உழைப்பில் விளைந்தது.' 1990களில் மேரி ஆன் மஹோனி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைப் புரட்டி, 19ஆம் நூற்றாண்டு இல்யேயுஸின் கொக்கோத் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்ததை எடுத்துக்காட்டினார். 'வெறுங்கை முன்னோடி' என்ற கதை, 20ஆம் நூற்றாண்டில் பணம் சேர்த்த குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட வம்சாவளி. அதற்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தது, அந்தக் குடும்பங்களைத் திட்டியே எழுதிய நாவலாசிரியர். இதுதான் வேடிக்கை.

அமாடோவுக்கு எதிர்முனையில் அரசியலில் வலதுசாரியான அதோனியாஸ் ஃபில்யோ. அவரும் கொக்கோத் தோட்டத்துப் பிள்ளைதான். 1976ல் தென் பாஹியாவைப் பற்றி எழுதிய நூலில் கொக்கோ மண்ணை 'ஒரு வட்டார நாகரிகம்' என்றே அழைத்தார். இடது, வலது என்று எவ்வளவு சண்டை போட்டாலும் 'இது ஒரு தனி நாகரிகம், அதன் தொடக்கம் நாம்' என்பதில் இரண்டு பேருக்கும் பேதமில்லை. அவருடைய 'உயிருள்ள உடல்' (1962) நாவலில் ஒரு பூர்வகுடி வருகிறான். கொக்கோ நிலத்துக்காகக் குடும்பமே கொல்லப்பட்ட சிறுவனைக் காட்டில் வளர்த்துப் பழிவாங்கப் பழக்குகிறவன் அவன். குருவாக வருகிறான், காட்டின் குரலாக வருகிறான். நிலம் கேட்கிறவனாக மட்டும் வருவதில்லை.

இவர்கள் இருவரையும்விட நம்மில் பலரும் கேள்விப்படாத ஒருவர்தான் எனக்கு நெருக்கமாகப் படுகிறார்: யூக்ளிதெஸ் நெட்டோ. வக்கீல். இப்பியாவு என்ற கொக்கோ ஊரின் மேயராக 1963லிருந்து 1967வரை இருந்தவர். பதவிக்கு வந்ததும் நிலத்தைக் கையகப்படுத்தி நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக்கொடுத்து 'மக்கள் பண்ணை' என்று பெயர் வைத்தார். 1964ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, இவர்மேல் விசாரணை வந்தது. அவருடைய 'மெலிந்தவர்கள்' (1961) நாவல், நகரத்தில் இருந்துகொண்டு தோட்டத்து வருமானத்தைத் தின்கிற முதலாளி வீட்டையும் அதே தோட்டத்தில் பட்டினி கிடக்கிற தொழிலாளி வீட்டையும் மாறி மாறிக் காட்டுகிறது. காவியமே இல்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லை, வசியப் பிசின் இல்லை. பசி மட்டும்தான். அதனாலோ என்னவோ சினிமாவும் வரவில்லை, சுற்றுலாவும் வரவில்லை.

அவர் 1997ல் கொக்கோத் தோட்டத்து வழக்குச் சொற்களுக்குச் சிறிய அகராதி ஒன்று போட்டார். கி.ரா. கரிசல் சொற்களைத் தொகுத்து 1982ல் 'வட்டார வழக்குச் சொல்லகராதி' கொண்டுவந்தது நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டு பேரும் கதைசொல்லிகள், இரண்டு பேரும் விவசாய அரசியலில் காலை நனைத்தவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு. கரிசலில் சம்சாரி தன் நிலத்தைப் பற்றித் தன் சொல்லில் பேசுகிறான். கொக்கோத் தோட்டத்துச் சொற்களோ பெரும்பகுதி நிலம் இல்லாதவனுடைய சொற்கள். நீளக் கழியில் கட்டிய கத்தியால் காயை அறுப்பது, காயை உடைப்பது, மரத்தொட்டியில் விதையைப் புளிக்க விடுவது, தள்ளு கூரை போட்ட களத்தில் வெறுங்காலால் மிதித்துக் காயவைப்பது எல்லாம் அவன் வேலை. மிதிக்கிற காலுக்குத்தான் சொல் தெரியும். கரிசலிலும் சம்சாரி சொல்லாத சொற்கள் உண்டு, பண்ணையாள் வாயில் இருந்தவை. அவை அகராதியில் எவ்வளவு ஏறின என்பதை நண்பர்கள் யோசிக்கட்டும்.

1989ல் உருசுக்கா என்ற ஊர்ப்பக்கம் கொக்கோ மரங்களில் 'சூனியக்காரித் துடைப்பம்' கண்டுபிடிக்கப்பட்டது. அமேசான் பகுதியின் பூஞ்சை நோய். கிளை நுனிகள் வீங்கித் துடைப்பக் கட்டை மாதிரி கொத்தாகக் காய்ந்து நிற்கும், காய் அழுகும். 1980களின் நடுவில் பிரேசிலில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டன் கொக்கோ விளைந்தது, அதில் மிகப்பெரும் பங்கு பாஹியாவுடையது. 2000 வாக்கில் பாஹியாவின் விளைச்சல் ஒரு லட்சம் டன் அளவுக்கு விழுந்துவிட்டது. உலகச் சந்தையிலும் அப்போது விலை கிடையாது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், இடாபுனாவின் சேரிகள் வளர்ந்தது பொய்யில்லை.

பயிர் போனது, ஆனால் 'கொக்கோ நாகரிகம்' போகவில்லை. கவனித்துப் பார்த்தால், நோய் வந்த பிறகுதான் அடையாளப் பேச்சு சூடு பிடிக்கிறது. 1993ல் 'ரெனாசேர்' (மறுபிறப்பு) என்ற தொலைக்காட்சித் தொடர் கொக்கோக் காட்டில் மீண்டும் ஒரு கர்னலை நாயகனாக்கியது. 2024ல் அதையே திரும்ப எடுத்தார்கள். விளைச்சல் இல்லாத இடத்தில் நினைவு விளைகிறது. கர்னல் வீடு அருங்காட்சியகம் ஆகிறது, தோட்டம் விருந்தினர் விடுதி ஆகிறது. இதைச் சும்மா கிண்டல் பண்ணிவிட்டுப் போவது சுலபம். பிழைக்க வழியில்லாத ஊர் தன் கதையை விற்கிறது, அதில் நமக்கென்ன ஒழுக்கப் பாடம்? கேள்வி ஒன்றுதான். விற்கிற கதையில் யாருக்குப் பங்கு? வெளியே தள்ளப்பட்ட அலுகாடோக்களில் ஒரு பகுதியினர் விடுதியில் கோப்பை கழுவப் போனார்கள். இன்னொரு பகுதியினர் நிலமற்றோர் இயக்கத்தில் சேர்ந்து, கைவிடப்பட்ட தோட்டங்களுக்குள் நுழைந்தார்கள். அரடாகாவில் 1992ல் அப்படி நுழைந்த 'டெர்ரா விஸ்டா' குடியிருப்பு இப்போது தானே கொக்கோ வளர்த்துத் தானே சாக்லேட் செய்கிறது. இவர்களும் கிராப்பியூனாக்கள்தானே? இவர்களுடைய நாவல் எது?

இனி முதலில் கிளப்பிய சந்தேகத்துக்கு வருகிறேன். கேப்ரியேலா நாவலின் கதை 1925ல் நடக்கிறது என்றேன். அதற்கு மறுவருஷம், 1926ல், அதே தென் பாஹியாவில், பூர்வகுடிகளுக்காக ஒரு நிலப்பரப்பை ஒதுக்கி பாஹியா மாநிலம் சட்டம் போட்டது. காரமூரு-பராகுவாசு என்று பெயர். இன்று பதஷோ ஹாஹாஹாய் என்று அழைக்கப்படும் மக்களின் நிலம். ஒதுக்கிய கையோடு, பூர்வகுடிகளைக் 'காக்க' ஏற்பட்ட அரசுத் துறையே அந்த நிலத்தைத் தோட்டக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. கொக்கோ ஏறியது, மாடு ஏறியது, மக்கள் சிதறினார்கள். 1970களில் மாநில ஆளுநர்கள் குத்தகைக்காரர்களுக்குப் பட்டாவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாவலில் ஒரு வக்கீலும் ஒரு பதிவு அலுவலகமும் செய்த காரியத்தை இங்கே மாநில அரசாங்கம் செய்தது. சில்வண்டும் தேவைப்படவில்லை.

இல்யேயுஸுக்குத் தெற்கே கடற்கரையில் ஒலிவென்சா. ஏசு சபைப் பாதிரிகள் துபினம்பா மக்களை வைத்துக் குடியேற்றிய பழைய ஊர். 1920, 30களில், அதாவது அமாடோவின் நாவல்கள் பேசுகிற, எழுதப்படுகிற அதே காலத்தில், மார்செலினோ என்ற துபினம்பா, நிலத்தைப் பறிக்க வருகிறவர்களை எதிர்த்து நின்றார். 1930களின் நடுவில் கைது, பத்திரிகைகளில் வசை. இளம் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் பிறந்த வட்டாரத்தில் நடந்த எழுச்சி. கொக்கோ நாவல்களில் இதற்கு இடமில்லை. துபினம்பாக்கள் எப்போதோ அழிந்துபோன இனம் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2000ல் டென்மார்க் அருங்காட்சியகத்திலிருந்து செந்நிறப் பறவை இறகால் ஆன ஒரு பழைய துபினம்பா அங்கியை சாவோ பாவ்லோ கண்காட்சிக்குக் கொண்டுவந்தபோது ஒலிவென்சா ஆட்கள் போய், இது எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அழிந்துபோனவர்கள் வந்து கேட்கிறார்களே என்று பலருக்கும் திகைப்பு. அடுத்த சில ஆண்டுகளில் அரசு அவர்களை அங்கீகரித்தது. 2009ல் சுமார் 47,000 ஹெக்டேர் அவர்கள் நிலமென்று அளந்து அறிக்கை வந்தது. 2024ல் அப்படியொரு அங்கி பிரேசிலுக்குத் திரும்பியது.

அறிக்கை வந்ததும் தோட்டக்காரர்கள் தரப்பில் கிளம்பிய வாதத்தைக் கேட்டால் யாருக்கும் பழகிய குரலாக இருக்கும். 'இங்கே பூர்வகுடி யாரும் இல்லை. இவர்கள் வேஷக்காரர்கள். இந்த நாகரிகம் எங்கள் தாத்தாக்கள் காட்டைத் திருத்திக் கட்டியது.' சின்னத் தோட்டக்காரர்களும் இதைச் சொல்கிறார்கள். அவர்களில் பலரும் ஏழைகள்தான், அவர்கள் பயத்தை நான் அலட்சியம் பண்ணவில்லை. ஆனால் இந்த வாதத்தின் சொற்கள் எங்கிருந்து வந்தன? காலியான காடு, வெறுங்கை முன்னோடி, இரத்தம் சிந்தி விளைந்த கொக்கோ. நாவலிலிருந்து. பழைய தேதி போட்ட பத்திரமாக நாவல் அங்கே நீட்டப்படுகிறது. எழுதியவருடைய நோக்கம் அதுவா என்று கேட்டால், இல்லை. பத்திரத்துக்கு நோக்கம் தேவையில்லை, பதிவாகியிருந்தால் போதும்.

இதனால் அமாடோவைத் தூக்கி எறி என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. கட்டுடைக்கிறேன் பேர்வழி என்று ஒரு பெரிய எழுத்தைத் தட்டிவிட்டுக் கைதுடைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. கஷீஷி என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவர் கொடுத்த கத்தியை வைத்துத்தான் அவரை வெட்டிப்பார்க்கிறேன்.

கடைசிக் காலத்தில் அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். 'தொகாயா கிராண்டே' (1984), 'பெரிய பதுங்கல்' என்று சொல்லலாம். ஒரு கூட்டுக்கொலை நடந்த இடத்தில் வளர்கிற ஊர். கட்டுகிறவர்கள் கர்னல்கள் அல்ல. அரபுத் தேசத்து வியாபாரி, கறுப்புக் கொல்லன், வேசிகள், செர்ஜிபியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள், கொலைத்தொழிலை விட்டு வந்த கேப்டன் நத்தாரியோ. வெள்ளமும் காய்ச்சலும் வந்தும் ஊர் நிற்கிறது. பிறகு வருகிறது சட்டம். நிலம் இன்னார் பேரில் பதிவாகியிருக்கிறது என்ற காகிதத்தோடு துப்பாக்கிகளும் வருகின்றன. ஊர் அழிகிறது. அதே இடத்தில் இன்னொரு பெயரோடு கௌரவமான நகரம் எழும்பி, தன் தொடக்க வரலாற்றைப் பொய்யாக எழுதிக்கொள்கிறது. அந்தப் பொய்க்கு அடியில் கிடப்பதைச் சொல்லவே இந்த நாவல். நாற்பது வருஷத்துக்கு முன் தானே கட்டிய காவியத்தின் அஸ்திவாரத்தை அந்த மனுஷர் தோண்டிப் பார்த்திருக்கிறார். தோண்டியதில் கிடைத்தவர்கள் கூலிகள், வேசிகள், கறுப்பர்கள். அதற்கும் கீழே அவர் போகவில்லை.

அந்த நாவல் வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1982ல், பதஷோ ஹாஹாஹாய் மக்கள் காரமூருவில் ஒரு தோட்டத்துக்குள் திரும்ப நுழைந்து உட்கார்ந்தார்கள். ஆளுநர்கள் கொடுத்த பட்டாக்கள் செல்லாது என்று அறிவிக்கக் கோரி அதே வருஷம் உச்சநீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. தொகாயா கிராண்டே புத்தகக் கடைகளுக்கு வந்தபோது அந்த வழக்குக்கு வயது இரண்டு. சுமார் 54,000 ஹெக்டேரில் இருந்த பட்டாக்களைச் செல்லாது என்று சொல்லித் தீர்ப்பு வந்தது 2012 மே மாதம்.